அழுததற்கு மெமோ: எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர் மேடம் அவர்களுக்கும்,

"பணி நேரத்தில் வார்டு, நர்சிங் ஸ்டேஷன், காரிடார் ஆகிய இடங்களில் செவிலியர்கள் அழுவதும் உணர்ச்சிவசப்படுவதும் நோயாளிகளின் நம்பிக்கையைக் குலைக்கிறது. மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்." மருத்துவ வார்டில் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஒரு பெண்ணுக்கு மெமோ கொடுத்த மறுநாள், இந்தச் சுற்றறிக்கையை எல்லா வார்டுக்கும் அனுப்பினீர்கள். கூடவே இன்னொரு உத்தரவு: இரண்டு வருடத்துக்குக் குறைவான அனுபவம் உள்ள அத்தனை பேரும் தங்களுடைய வார விடுமுறை நாளில் நடத்தைப் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும்.

இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுதுவதற்கு ஒரே காரணம், என் பட்டச் சான்றிதழும் செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழும் அசலாக உங்கள் அலுவலகப் பீரோவில் இருப்பதுதான். அது என் கைக்கு வந்த அன்றே இதன் அடியில் கையெழுத்துப் போடத் தயார்.

மெமோவில் இருப்பது ஒரே வரி: "காலை ஹேண்டோவர் நேரத்தில் நோயாளிகள், உறவினர்கள் முன்னிலையில் சத்தமாக அழுதார்." ஹேண்டோவர் என்றால் அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைப்பது. அந்த வரிக்கு முன்னால் ஒரு முழு இரவு இருக்கிறது. ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் கோட் ப்ளூ அறிவிப்பு கேட்டுப் பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அந்த இரவைச் சொல்ல என்னால் முடியும்.

முப்பது படுக்கை உள்ள வார்டு. அன்று இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ரோஸ்டரில் நைட்டுக்கு இரண்டு பேர். பதினோரு மணிக்கு, ஐசியுவில் ஆள் போதவில்லை என்று சீனியர் சிஸ்டரை அங்கே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் விடியும்வரை இருபத்து மூன்று பேருக்கும் மெமோ வாங்கிய அந்தப் பெண் ஒருத்திதான்.

பதினான்காம் படுக்கையில், மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் இருந்தார். கல்லீரல் கெட்டுப்போய் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. லாக்டுலோஸ் சிரப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் கொடுத்தால் குடிக்க மாட்டார். "பாப்பா வரட்டும், குடிக்கிறேன்" என்பார். பாப்பா என்றால் இவள்தான். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எந்த குரூப் எடுத்துக் கொடுக்கலாம் என்று இவளிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பார். நர்சிங் படிக்க வைக்கலாமா என்றுகூடக் கேட்டாராம்.

இரவு பன்னிரண்டரைக்கு அவர் மனைவி வந்து விசாரித்தபோது பிரஷர், பல்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. இவளும் அப்படியே சொல்லியிருக்கிறாள். மூன்றேகாலுக்கு நிலைமை மாறியது. அந்த வார்டில் மானிட்டர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு படுக்கையில் ட்ரிப்ஸ் மாற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் உட்கார்ந்திருந்த விதம் சரியில்லை என்று பார்த்து இவள்தான் பக்கத்தில் போனாள். நெற்றியில் வியர்வை, கை ஜில்லிட்டிருந்தது. பல்ஸ் பிடிப்பதற்குள் ரத்த வாந்தி. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, தலையைச் சாய்த்து, சக்ஷன் போட்டு, மருந்து ஏற்ற நரம்பில் இரண்டாவது லைன் போட்டு, ரத்த வங்கிக்குப் போன் செய்து, இவ்வளவையும் ஒற்றை ஆளாகச் செய்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இதயம் நின்றுவிட்டது. இவள் படுக்கை மேல் முட்டி போட்டு சிபிஆர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிபிஆர் என்றால் என்ன என்று உங்கள் இருவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நின்ற இதயத்தை மீட்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்செலும்பு ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முறை அட்ரினலின். நலிந்த உடம்பு என்றால் விலா எலும்பு முறிவது கைக்குத் தெரியும். கல்லூரியில் பொம்மை மேல் செய்து பழகுகிறோம். பொம்மைக்கு நம் பெயர் தெரியாது, நம்மைப் பாப்பா என்று கூப்பிட்டிருக்காது. இவளுக்கு மனித உடம்பின் மேல் அதுதான் முதல் சிபிஆர்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு, இறந்துவிட்டார் என்று டெக்லேர் செய்தார்கள். டியூட்டி டாக்டர் காரிடாரில் அவர் மனைவியிடம் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு எமர்ஜென்சிக்கு ஓடினார். அவரையும் நான் குறை சொல்லவில்லை, அன்று அவரும் இரண்டு மாடிக்கு ஒருவர்தான். நானும் என் வார்டுக்கு ஓட வேண்டியிருந்தது. இவள் லைன்களை எடுத்தாள், ரத்தத்தைத் துடைத்தாள், பஞ்சு வைத்தாள், தாடையையும் கால் கட்டைவிரல்களையும் காஸ் துணியால் கட்டினாள், டேக் போட்டாள், புதுத் துணி போர்த்தினாள். அந்த அம்மா உள்ளே வந்து இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நீதானே ராத்திரி நல்லாருக்காருன்னு சொன்னே?" என்று கேட்டார்கள்.

பத்தொன்பது வார்த்தையில் சுற்றறிக்கை எழுதிவிடலாம். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எந்த வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்? அவள் பதில் சொல்லவில்லை, அந்தக் கையை விடவும் இல்லை. ஆறாம் படுக்கையிலிருந்து பெல் அடித்துக்கொண்டே இருந்ததால்தான் போனாள். அங்கே ஒருவருக்குக் குடிக்க வெந்நீர் வேண்டும்.

ஐந்து மணிக்கு ரத்த சாம்பிள். ஆறு மணிக்குச் சுகர், இன்சுலின், காலை மருந்துகள், வைட்டல்ஸ். பிறகு நோயாளிகளின் உடலுக்குள் போன, வெளியேறிய திரவத்தின் இன்டேக் அவுட்புட் கணக்கு. இடையில் இறந்தவரின் பில் பற்றி இரண்டு முறை கீழேயிருந்து போன். ஏழரைக்கு ஹேண்டோவர். முதல் படுக்கையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், பதினான்காம் படுக்கையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா மெத்தையை லோஷன் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றாள். அங்கேதான் அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். மெமோவில் அது மட்டும் சரி.

அன்றைய இருபத்து மூன்று கேஸ் ஷீட்டையும் எடுத்துப் பாருங்கள் மேடம். ஒரு மருந்து தவறியிருக்கிறதா? ஒரு சாம்பிள் தாமதமா? ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கிறதா? நான் பார்த்துவிட்டேன். எதுவும் இல்லை. நாலு மணி ஐந்து நிமிடத்திலிருந்து ஏழரை வரை அவள் தன் துக்கத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு உங்கள் வேலையை முழுதாக முடித்திருக்கிறாள். அதற்குப் பாராட்டுக் கடிதம்கூட வேண்டாம், மெமோ கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு நோயாளியின் உறவினர் புகார் எழுதிக் கொடுத்தார் என்கிறீர்கள். "நர்ஸே அழுதால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று அவர் எழுதியது எனக்கும் தெரியும். அவர் பயந்தது நியாயம். பக்கத்துப் படுக்கையில் ஒரு சாவைப் பார்த்துவிட்டு, அப்பாவை அங்கேயே படுக்க வைத்திருக்கும் யாருக்கும் பயம் வரும். யாராவது அவரிடம் போய், "அந்தப் பொண்ணு ராத்திரி முழுக்க அவரைக் காப்பாற்றப் போராடினாள், உங்கள் அப்பாவையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பயம் தணிந்திருக்கும். நம்மில் ஒருவரும் போகவில்லை.

இந்தச் சுற்றறிக்கையில் எனக்குப் பெரிய கவலை இதுதான். இந்தப் பெண்ணிடம் எதைக் குற்றம் என்கிறீர்களோ, அதுதான் மூன்றேகால் மணிக்கு அவளை அந்தப் படுக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனது. அவருடைய முகம் அவளுக்குப் பழகியிருந்தது. எப்படி உட்காருவார், எப்படிப் பேசுவார் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் வித்தியாசம் தெரிந்தது. நோயாளியோடு ஒட்டாத ஒரு செவிலியர், அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் மாற்றிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போயிருப்பார். ரத்த வாந்தி எடுத்துக் கீழே விழுந்த பிறகுதான் யாருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒட்டுதல் இரவில் வேண்டும், காலை ஏழரைக்கு இருக்கக் கூடாது என்றால் எப்படி முடியும்?

ஒரு இளம் செவிலியரின் சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று உங்களிடம் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நாங்களும் சொன்னதில்லை. "எப்படிம்மா போகுது?" என்று ரவுண்ட்ஸில் கேட்டால் "நல்லா போகுது மேடம்" என்போம்.

முதல் வருடம் முழுக்கப் பயம்தான். ட்ரிப்ஸ் போட நரம்பில் ஏற்றும் கேனுலா முதல் குத்தில் கிடைக்காவிட்டால் உறவினர் முகம் மாறிவிடும். "வேற பெரிய சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு அடுத்த படுக்கையில் கை நடுங்கும். நடு இரவில் கன்சல்டன்டுக்குப் போன் போடலாமா வேண்டாமா என்று ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். போட்டால் "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" போடாவிட்டால் காலையில் எல்லோர் முன்னாலும் "ஏன் கூப்பிடல?" ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்த பிறகு ஏழாம் படுக்கையின் பொட்டாசியம் எந்த ரேட்டில் ஓடுகிறது என்று திடீரென்று நினைவு வரும். சரியாக வைத்தது நன்றாகவே தெரியும். ஆனாலும் வார்டுக்குப் போன் போட்டு, "அக்கா, ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று கேட்ட பிறகுதான் தூக்கம் வரும். என் அறையில் இருக்கும் நாலு பேரும் இப்படிப் போன் போட்டவர்கள்தான்.

வீட்டிலிருந்து அம்மா கூப்பிடுவார்கள். சாப்பிட்டியா, தூங்குனியா என்று கேட்பார்கள். அன்று ஒரு குழந்தை இறந்திருக்கும். அதைச் சொன்னால் அவர்கள் மூன்று நாள் சாப்பிட மாட்டார்கள் என்பதால் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். கல்விக்கடன் தவணை கட்டியாகிவிட்டதா என்று அப்பா கேட்பார். அதற்கும் ஆச்சு என்று சொல்லிவிடுவோம்.

சந்தோஷமும் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் வலது கை விழுந்து வந்த ஒரு ஆத்தா, டிஸ்சார்ஜ் அன்று அதே கையால் டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினார்கள். "தாயி, இது நீ போட்ட கை" என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நான் பல மாதம் வேலை பார்த்திருக்கிறேன். எங்களில் பலர் போகாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட நாட்கள்தான் காரணம். சம்பளம் காரணம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் செவிலியருக்கு மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் கீழே உள்ள சிறு மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018-ல் அந்த 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏற்ற வைத்தார்கள். நம்முடையது 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை. ஹாஸ்டலும் மெஸ்ஸும் பிடித்தது போக எங்கள் கையில் வருவது 14,500 ரூபாய்.

ஆள் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இரவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. செவிலியர் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் பணியிடம் வேண்டும், விடுப்பு ஈடுகட்ட அதற்கு மேல் 30 சதவீதம் வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் வரையறை. கல்லூரித் தேர்வில் இதை எழுதித்தான் மார்க் வாங்கினோம். நம் வளாகத்திலேயே கல்லூரி இருக்கிறது. முப்பது படுக்கைக்குப் பத்துப் பேர், விடுப்புக்கு மூன்று பேர், ஆகப் பதின்மூன்று. மருத்துவ வார்டு ரோஸ்டரில் இன்று இருப்பது எட்டுப் பெயர். அதில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார், ஒருவர் டயாலிசிஸ் பிரிவுக்கு இரவல் போயிருக்கிறார். மீதி ஆறு பேரில் மூன்று பேர் ஒரு வருட அனுபவம்கூட இல்லாதவர்கள். டபுள் டூட்டி பார்க்காத வாரமே கிடையாது.

ஆள் இல்லாத வார்டில் சிறுநீர் கழிக்கப் போக முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். சிறுநீர்த் தொற்று எங்களுக்குள் சாதாரணமாகிவிட்டது. நோயாளிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்து வைத்துவிட்டு, அதே மாத்திரையை நாங்களும் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. நம் நர்சிங் ஸ்டேஷனில் நாற்காலி டாக்டர்களுக்கு மட்டும்தான். நாங்கள் உட்கார்ந்தால் சிசிடிவி பார்த்துக் கீழேயிருந்து போன் வருகிறது.

அழுகையைக் கண்டுபிடிக்கும் அதே கேமரா, எங்களை யாராவது திட்டும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் பில் தகராறில் ஒருவர் எங்கள் வார்டு சிஸ்டர் மேல் ஃபைலைத் தூக்கி எறிந்தார். அவள் புகார் சொன்னபோது, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, அவங்க டென்ஷன்ல இருக்காங்க" என்று பதில் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் சிறைத்தண்டனை என்று தமிழ்நாடு 2008-லேயே சட்டம் போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் மருத்துவமனை சார்பில் ஒரு புகாராவது கொடுத்திருக்கிறோமா?

உடை மாற்றும் அறை அடித்தளத்தில், ஜெனரேட்டர் பக்கம் இருக்கிறது. காரிடார் விளக்கு எரிவதில்லை. 1973 நவம்பரில் மும்பை கெம் மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற இளம் செவிலியர், டூட்டி முடிந்து உடை மாற்றப் போன அடித்தளத்தில்தான் தாக்கப்பட்டார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 42 வருடம், 2015 மே மாதம் இறக்கும்வரை, சுயநினைவு திரும்பாமல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரை அத்தனை வருடமும் பார்த்துக்கொண்டவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வேலைக்கு வந்த செவிலியர்கள். அவரை நேரில் அறியாத பெண்கள்கூட அவரைத் தங்கள் அக்காவாக நினைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நைட் முடிந்து அந்த இருட்டு வழியில் நடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் நினைவு வருகிறது. விளக்கு போடச் சொல்லி எழுதிக் கொடுத்துப் பல மாதம் ஆகிறது.

ஒவ்வொரு மே 12-ம் தேதியும், செவிலியர் தினத்தன்று, எங்களுக்குக் கேக் வெட்டி, ரோஜாப்பூ கொடுத்து, தேவதைகள் என்று பேசுகிறீர்கள். மேடையில் பேசுபவர்கள் மனதாரத்தான் பேசுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வருட பேனரில் லினியின் படம் இருந்தது. கோழிக்கோடு பக்கம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 2018 மே மாதம் நிபா நோயாளியைக் கவனித்து, அதே நோயில் இறந்தார். தனிமை வார்டிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதத்தைப் படித்து நாடே அழுதது. அந்தக் கடிதம் முழுக்க உணர்ச்சிதான். தனக்கு என்ன ஆகிறது என்று தெரிந்த ஒரு செவிலியர், குழந்தைகளை நினைத்து எழுதியது. லினியின் படத்தை மாட்டிய சுவரில் இந்தச் சுற்றறிக்கையையும் ஒட்டியிருப்பது எங்கள் எல்லோருக்கும் வலிக்கிறது.

மேடம், இந்தப் பகுதி உங்களுக்கு. 2021 கொரோனா இரண்டாம் அலையில் நீங்கள் அறையில் உட்காராமல் வார்டுக்கு வந்து, பிள்ளைகளோடு நின்று, உடல்களைப் பையில் போட்டுக் கட்டினீர்கள் என்று சீனியர் அக்காக்கள் இன்னும் சொல்கிறார்கள். ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து நீங்களும் அழுதீர்களாம், பக்கத்தில் ஒரு அக்கா வந்து உட்கார்ந்துகொண்டாராம். இதைச் சொன்னவர்கள் மரியாதையோடுதான் சொன்னார்கள். உங்கள் மேல் எங்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு அது ஒரு காரணம். அந்த மேடம் கையெழுத்துப் போட்ட மெமோ இது என்று எங்களால் நம்ப முடியவில்லை.

"நாங்கள்லாம் பார்க்காததா?" என்று சில சீனியர்கள் சொல்கிறார்கள். பார்த்தீர்கள், எங்களைவிட அதிகம் பார்த்தீர்கள். ஆனால் அதில் எத்தனை பேர் இன்று தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குகிறீர்கள்? உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இந்த வேலையில் இருக்கிறார்கள்? உங்களுக்குக் கிடைக்காததால் எங்களுக்கும் வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதாக நான் நம்பவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். எமர்ஜென்சியில் ஒருவர் இறந்ததும், அங்கே இருந்த டாக்டர், செவிலியர், உதவியாளர் எல்லோரும் கலைந்து போகாமல் ஒரு நிமிடம் போல அமைதியாக அந்த உடலருகே நிற்பார்கள். இறந்தவருக்கும், அவரைக் காப்பாற்ற முயன்றவர்களுக்குமான மரியாதை அது. இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். இதற்கு மெஷின் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். அன்றிரவு பதினான்காம் படுக்கையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். டெக்லேர் செய்த அடுத்த நொடி ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அவளைத் தனியாக விட்டுவிட்டு.

எங்கள் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இளம் செவிலியர்கள் பலரோடு பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். அவளுடைய பணிக் கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டதாக எழுத்தில் தர வேண்டும். நாளை வெளிநாட்டுக்கோ வேறு மருத்துவமனைக்கோ அவள் விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கக் கூடாது. சுற்றறிக்கையையும் ரத்து செய்ய வேண்டும்.

வார விடுமுறையில் வகுப்பு வேண்டாம். அந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் துணி துவைக்க, தூங்க, வீட்டுக்குப் போய் முகம் காட்டிவிட்டு வர. பயிற்சி கொடுங்கள், வரவேற்கிறோம், ஆனால் டூட்டி நேரத்தில் கொடுங்கள். சிரிக்கச் சொல்லித் தர வேண்டாம். உறவினரிடம் சாவுச் செய்தியை எப்படிச் சொல்வது, "நீதானே நல்லாருக்காருன்னு சொன்னே" என்று கேட்பவரோடு எப்படி நிற்பது என்று சொல்லித் தாருங்கள். டாக்டர்களையும் அந்த வகுப்பில் உட்கார வையுங்கள். செய்தி சொல்லும் டாக்டர் ஐந்து நிமிடமாவது உறவினரோடு இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

வார்டில் ஒரு மரணம் நடந்தால், சிபிஆர் கொடுத்தவருக்கும் உடலைச் சுத்தம் செய்தவருக்கும் அந்த ஷிஃப்டுக்குள்ளேயே இருபது நிமிடம் ஓய்வு வேண்டும். அந்த நேரம் சூப்பர்வைசர் சிஸ்டர் வார்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு சின்ன அறை போதும். இரண்டாம் மாடியில் பழைய ஸ்டோர் ரூம் காலியாகத்தான் இருக்கிறது. கலைந்து போவதற்கு முன் ஒரு நிமிடம் சேர்ந்து நிற்கும் வழக்கத்தையும் தொடங்குங்கள்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகாத யாரையும் நைட்டில் தனியாக விடக் கூடாது. ஐசியுவுக்கு ஆள் வேண்டுமென்றால் வார்டிலிருந்து பிடுங்காமல் தனியாக ரிசர்வ் வைக்க வேண்டும். மருத்துவ வார்டின் பதின்மூன்று பணியிடங்களையும் நிரப்பும் தேதியைச் சொல்ல வேண்டும்.

மனம் விட்டுப் பேச வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் மாதம் இரண்டு நாளாவது வர வேண்டும். அவர் எச்.ஆருக்கு அறிக்கை கொடுப்பவராக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஒருத்தியும் போக மாட்டாள். செவிலியர்கள் மீதான தாக்குதல், தகாத பேச்சு எதுவானாலும் மருத்துவமனையே காவல் நிலையத்தில் புகார் தர வேண்டும். அடித்தளத்து விளக்கை இந்த வாரமே போடுங்கள். நர்சிங் ஸ்டேஷனில் எங்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

எங்கள் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் பிடித்து வைக்க அசல் தேவைப்படாத மருத்துவமனையாக இது மாறினால் நாங்களே இருப்போம்.

இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று இந்த மாத ஸ்டாஃப் மீட்டிங்குக்கு முன் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த மீட்டிங்கில் இரண்டு வருடத்துக்குக் குறைவான அனுபவம் உள்ளவர்களுக்கு முதலில் பேச நேரம் ஒதுக்க வேண்டும், பேசியதற்காக யார் மேலும் நடவடிக்கை வராது என்று நீங்கள் இருவரும் அங்கேயே சொல்ல வேண்டும். மெமோ வாங்கிய பெண் இன்று நைட் டூட்டியில் இருக்கிறாள். ரத்து உத்தரவை அவள் கையில் முதலில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பொது வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி
மதுரை